நிழலுக்கு எந்தப் பச்சை?

இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பறையில் குறுந்தொகை நடத்தி வருகிறேன். அதன் 76-ஆம் பாட்டில் ஒரு சேம்பிலை வரும். மலைச்சாரலில் வளர்ந்த சேம்பின் அகன்ற இலையை வாடைக்காற்று அசைக்க, அது களிற்றின் காதுபோல ஆடுகிறது என்பாள் தலைவி. தலைவன் பிரியப்போகிறான் என்ற செய்தியைத் தோழி சொன்ன நேரத்தில் அவள் நினைவுக்கு வருவது அந்த இலை. கருப்பொருள், உவமை, வாடையின் பங்கு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். மாணவிகளும் அதை அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள். ஆனால், சேம்பிலையின் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே பச்சை அல்ல என்பதை நான் கண்டுகொண்டது நாற்பத்தாறாம் வயதில்தான். அதுவும் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைகல்லின் தண்ணீர் ஓடும் வழியில், நான் பிறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கும் சேம்பில்!

எங்கள் ஊர் குளித்தலைக்குப் பக்கம். காவிரியின் தென்கரை. வாழையும் வெற்றிலையுமாய் ஊரைச் சுற்றிப் பச்சைக்குப் பஞ்சமில்லாத இடம். அப்பா கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்தவர். 1970 முதல் 2004 வரை அரசுப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராக வேலை பார்த்தார். டிராயிங் மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்பது அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். அவருடைய பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். ஆண்டு விழாவுக்கு வாசலில் எழுதுவதும், ஆய்வாளர் வருகிறார் என்றால் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டுவதும்தான் அவருடைய உண்மையான வேலை என்று தலைமையாசிரியர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொல்லையில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நீர்வண்ணம் மட்டுமே. எண்ணெய் வண்ணத்துக்குக் காசு கிடையாது, பொறுமையும் கிடையாது என்பார். பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார். எனக்குப் படிக்க எப்போதும் ஏதாவது புத்தகம் இருந்தது. "அப்புறம் வரேம்பா" என்பேன்.

2022 ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை அவர் எழுந்து நடந்தபோது கால் இழுத்தது. அசதி என்று நினைத்து மறுபடியும் படுக்கவைத்தோம். மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டால், அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் இருந்தும் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. இடப்பக்க மூளையில் பாதிப்பு. வலக்கையும் பேச்சும் சேர்ந்தே போயின. உயிர் பிழைத்தது.

பேச்சு முழுவதுமாகப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "அப்புறம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வேண்டாமென்றாலும் அப்புறம், பேரன் வந்தால் மகிழ்ச்சியோடு அப்புறம், இரவில் வலித்தால் அழுகையோடு அப்புறம். இப்படி ஒற்றைச் சொல் மட்டும் நின்றுவிடுவது இந்நோயில் உண்டு என்றும், நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது என்றும், ஆனால் அவர் சொல்ல நினைப்பதும் வாய் சொல்வதும் வேறு வேறாக இருக்கும் என்றும் பேச்சுப் பயிற்சி தருபவர் விளக்கினார். எத்தனையோ சொற்கள் இருக்க, இந்தச் சொல் ஏன் தங்கியது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

படங்களைக் காட்டிப் பெயர் சொல்லவைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. அதற்கென்று அச்சிட்ட அட்டைகளை அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆப்பிள், பஸ், குடை. முப்பத்து நான்கு ஆண்டு ஓவிய ஆசிரியராக இருந்தவருக்கு அந்த அட்டைகளின் கோடுகள் எரிச்சல் மூட்டியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டியை இறக்கினேன். கேமல் வண்ணக் குழாய்கள் பாதி கல்லாகியிருந்தன. தூரிகைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றை எலி தின்றிருந்தது. திருச்சியில் புதிதாக வாங்கினேன். முதலில் ஒரு வாழையிலை வரைந்து அவரிடம் காட்டுவது, "இது என்னப்பா?" என்று கேட்பது, அவர் சொல்லவில்லை என்றால் நானே சொல்லிக் கொடுப்பது. இதுதான் திட்டம். எளிது என்று நினைத்தேன்.

வரைந்தேன். கடையில் கிடைத்த சாப் கிரீனை நிறையக் குழைத்து இலையின் வடிவம் முழுக்கப் பூசினேன். நடுத்தண்டுக்கு வெள்ளை. நிழல் விழும் பக்கத்தில் பச்சையோடு கொஞ்சம் கறுப்பு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வாழையிலைன்னா சோறு போட்டுத் திங்கத் தோணணும். இது பிளாஸ்டிக் தட்டு மாதிரி இருக்கு" என்றாள். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு இடக்கையை நீட்டி வெள்ளைக் குழாயை எடுத்துத் திண்ணைக்கு வெளியே எறிந்தார். அடுத்துக் கறுப்பு. அடுத்து அந்தச் சாப் கிரீன். மூன்றும் முற்றத்தில் கிடந்தன. "அப்புறம்" என்றார், மிகத் தெளிவாக.

நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாள். இந்த ஒன்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. வெளிச்சத்தை அங்கே பூச முடியாது. பூசாமல் விட மட்டுமே முடியும். எங்கே வெயில் தெறிக்கிறதோ அந்த இடத்தை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை தொடாமல் காப்பாற்ற வேண்டும். வெளிறியதிலிருந்து கருமைக்குப் போகலாம், கருமையிலிருந்து திரும்பி வருவது கடினம். எழுத்தில் பழகிய எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவதே என் தொழில். இங்கே அடித்தல் திருத்தலுக்கு இடம் மிகக் குறைவு.

அடுத்தது பச்சை. கடைப் பச்சையை அப்பா எறிந்ததற்குக் காரணம் கொல்லையில் உட்கார்ந்தபோதுதான் விளங்கிற்று. காலை ஒன்பது மணிக்கு, கிழக்கே வெயிலும் மேற்கே நானுமாக, ஒரே வாழையிலையில் நான் எண்ணிய பச்சைகள் மூன்று. முதலாவது, இலையின் மேல்தோல் காட்டும் பச்சை. வாழையிலையின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது ஓரளவு கண்ணாடி. வானத்தை அது திருப்பிக் காட்டுவதால், இலையின் வளைவு வானத்தைப் பார்க்கும் இடத்தில் பச்சையே இல்லை, வெளிறிய நீலம்தான் இருக்கிறது. இரண்டாவது, வெயில் பின்னாலிருந்து இலையை ஊடுருவி வரும்போது தெரியும் பச்சை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை விடுகிறது. அதனால் ஊடுருவி வரும் வெளிச்சம் மஞ்சளை நோக்கிச் சாய்ந்திருக்கும். விளக்கேற்றிய காகிதக் கூண்டுபோல இலை தானே எரிகிறது. தடித்த நடுத்தண்டு மட்டும் ஒளியை விடாமல் இருண்ட கோடாக நிற்கும். நான் வெள்ளையடித்து வைத்தேனே, அந்தத் தண்டு! மூன்றாவது, நிழலுக்குள் இருக்கும் இலை. அது நீலமும் சற்றே செம்மையும் கலந்த பச்சை. கறுப்பு எங்குமே இல்லை.

மஞ்சளோடு பிரஷ்யன் புளூவைச் சேர்த்தால் ஒரு பச்சை, அல்ட்ராமரைனைச் சேர்த்தால் சற்று மங்கிய இன்னொரு பச்சை. நிழலுக்கு அதிலேயே ஒரு துளி கிரிம்சன். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பாகையால் இரண்டும் ஒன்றை ஒன்று அடக்கி, உயிருள்ள இருட்டைத் தரும். கறுப்பைச் சேர்த்தால் கரி பூசியதுபோல் செத்துவிடும். இவையெல்லாம் ஓவியம் பயில்பவர்களுக்கு முதல் மாதப் பாடம். எனக்குச் சொல்லித் தந்தவருக்குச் சொல் இல்லை என்பதால் நாள் அதிகம் பிடித்தது. நான் தட்டில் குழைப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். சிவப்புத் துளி போதுமான அளவுக்கு வந்ததும் இடக்கை விரல்கள் மெல்ல மடங்கும். அதுதான் அடையாளம்.

தமிழில் நிறப்பெயர்கள் குறைவு என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். இலைக்கு நம்மிடம் நிறமாகவே வயது இருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று சொல்லும்போதே ஐந்து வண்ணக் கிண்ணங்கள் கண்முன் வந்துவிடுகின்றன. மாமை என்ற சொல்லுக்கு மாந்தளிரின் நிறம் என்று உரையில் படித்துவிட்டுக் கடந்துபோயிருக்கிறேன். பங்குனியில் மாமரம் துளிர்த்தபோது அதை வரைய உட்கார்ந்தேன். தளிரில் பச்சையே இல்லை. செம்பும் ஊதாவும் கலந்த மென்மையான பழுப்பு, அதன்மேல் ஈரம் போன்ற ஒரு மினுமினுப்பு. பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் கிரிம்சனைக் கரைத்து, நனைத்த தாளின் மேல் ஓடவிட்டபோது, ஒரு பெண்ணின் மேனிக்கு இந்த நிறத்தைச் சொன்னவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று திகைத்தேன். தொல்காப்பிய மரபியலில் புறத்தே வயிரம் கொண்டவை புல், அகத்தே வயிரம் கொண்டவை மரம் என்று வரும். தென்னையையும் மூங்கிலையும் புல்லோடு சேர்த்துவிட்ட அந்தப் பகுப்பு, கையில் தூரிகை இருக்கும்போது வேறு விதமாகப் புரிகிறது. ஓலைக்குக் கோடு வேண்டும், ஒரே இழுப்பில். மர இலைக்குப் பரப்பு வேண்டும்.

எங்கள் வெயிலில் இன்னொரு சங்கடம் உண்டு. புத்தகங்கள் சொல்லும் முறையெல்லாம் குளிர்ந்த நாடுகளில் எழுதப்பட்டவை. ஈரத்தின் மேல் ஈரம் வைத்து நிறத்தைப் பரவவிடு என்கின்றன. சித்திரையில் தூரிகையை இலையின் காம்பில் வைத்து நுனிக்குக் கொண்டுபோவதற்குள் காம்புப் பக்கம் காய்ந்து வரம்பு கட்டிவிடுகிறது. ஐப்பசியிலோ, காலையில் பூசியது மாலை வரைக்கும் காய்வதில்லை. அப்பாவின் பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. தாளின் இருபுறமும் நனைத்து ஒரு கண்ணாடிப் பலகையில் ஒட்டிவைப்பார். பின்புறத்து ஈரம் முன்புறத்தைக் காயவிடாமல் பிடித்துக்கொள்ளும். நான் சிறுமியாக இருந்தபோது, இவர் ஏன் தாளைக் குளிப்பாட்டுகிறார் என்று சிரித்திருக்கிறேன்.

தாவர நூல்களுக்கென்று வரைந்த பழைய ஓவியங்களை இப்போது தேடிப் பார்க்கிறேன். சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் ஆயிரக்கணக்கில் செடிகொடிகளை வரைந்திருக்கிறார்கள். நரம்பு நரம்பாக, காம்பு காம்பாக, அசர வைக்கும் துல்லியம். ஆனால் அந்த இலைகள் தரையில் நிழலை விழவிடுவதில்லை. வெள்ளைத் தாளில் மிதக்கின்றன. எந்த ஊர், எத்தனை மணி என்று கேட்க முடியாது. அவர்களுக்கு அது தேவையுமில்லை, இனத்தை அடையாளம் காட்டுவதே நோக்கம். எனக்கு என்னவோ மணி தெரிந்தாக வேண்டியிருக்கிறது. உச்சிவெயிலில் வாழையிலை, நீர் வற்றாமல் காத்துக்கொள்ள, நடுத்தண்டின் இருபுறமும் கீழ்நோக்கி மடிந்துகொள்ளும். காலையில் விரித்த பாயாக இருந்தது, ஒரு மணிக்குக் கவிழ்த்த தோணி. இரண்டும் ஒரே இலை என்று சொன்னால் படம் பார்ப்பவர் நம்பமாட்டார்.

கே.சி.எஸ். பணிக்கர் மேல் அப்பாவுக்கு ஒரு செல்லக் கோபம் உண்டு. தொடக்கக் காலத்தில் கேரளத்துக் கால்வாய்களையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் அவ்வளவு ஈரமாகத் தீட்டியவர், 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கி, படிக்க முடியாத எழுத்துகளாலும் சாதகக் கட்டங்களாலும் திரையை நிரப்பினார். "இலையை விட்டுட்டு எழுத்துக்குப் போயிட்டாரு மனுஷன், உன்ன மாதிரி" என்று அப்பா என்னைச் சீண்டுவார். அந்த வரிசையின் படமொன்றை அண்மையில் கணினியில் அவருக்குக் காட்டினேன். எழுத்துபோலத் தோன்றி எழுத்தாகாத அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்து, வரி வரியாக, வாசிப்பவர்போல நகர்த்திக்கொண்டே போனார். நான் கணினியை மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இனி அந்தச் சேம்புக்கு வருகிறேன். அது வேம்பின் நிழலில் நிற்கிறது. வேம்பின் சந்துகள் வழியே விழும் வெயில் அதன் இலைகளில் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும். அந்தப் பொட்டுகளை நான் கோணல்மாணலாக, கத்தரித்த காகிதம்போலக் கூரான விளிம்புகளோடு வரைந்துகொண்டிருந்தேன். இலைச்சந்துகள் கோணலாகத்தானே இருக்கின்றன? அப்பா தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். தரையைக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார். பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்தார்.

வளையத்தைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம். கரூர், திருச்சி, திண்டுக்கல் வட்டாரங்களில் காலை ஒன்பதரை மணியளவில் சூரியன் வளையமாகத் தெரிந்த நாள். அம்மா அடுப்பு மூட்டவில்லை, யாரும் வெளியே போகக்கூடாது என்று கதவை அடைத்து வைத்திருந்தாள். அப்பா கொல்லைக் கதவு வழியாக என்னை அழைத்துக்கொண்டுபோய் வேம்பின் அடியில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்தார். தாள் முழுக்கப் பிறைகள். நூற்றுக்கணக்கான சின்னப் பிறைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மெலிந்து வளையங்களாயின. "பாத்துக்க. சந்து எந்த வடிவமா இருந்தா என்ன? கீழ விழற ஒவ்வொரு பொட்டும் சூரியனோட படம். தெனமும் அப்படித்தான். வட்டமா இருக்கறதால நமக்குத் தெரியறதில்ல" என்றார். எனக்குப் பதினோரு மணிக்கு வகுப்பு இருந்தது. அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஓடினேன்.

ஆக, உயரத்திலிருந்து விழும் வெயில் வட்டமாகவும் விளிம்பு கரைந்தும் இருக்கும். பக்கத்து இலையின் சந்து வழியே விழுவது மட்டுமே கூர்மையாகச் சந்தின் வடிவத்தைக் காட்டும். இலை சாய்ந்திருந்தால் வட்டம் நீள்வட்டமாகும். எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு சாய்வு. வரைகோட்டில் இலையின் சாய்வை நான் சரியாகக் கொண்டுவராவிட்டாலும் இந்தப் பொட்டுகளை வைத்தே கொண்டுவந்துவிடலாம். பொட்டைச் சுற்றி நிழல் நிறத்தைப் பூசி, அது காய்வதற்குள் சுத்தமான ஈரத் தூரிகையால் விளிம்பைத் தொட்டால் வெயில் கரைந்து நிற்கும். ஏழெட்டுத் தாள்கள் பாழான பிறகு ஓரளவு வந்தது.

சென்ற கார்த்திகையில் ஒரு காலை. மழை விட்டு, வெயில் வந்திருந்தது. சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாமல் பாதரசமாய் உருண்டுகொண்டிருந்தது. காற்று வடக்கிலிருந்து வந்தது. இலை ஆடியது. யானைக் காது என்ற உவமை எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. வடிவத்தினால் மட்டும் அல்ல, ஆடும்போது மேற்புறத்துக் கருநீலப் பச்சை மறைந்து அடிப்புறத்து வெளிறிய சாம்பல் பச்சை புரண்டு தெரிந்து மறுபடி மறைகிறதே, அந்த மாறி மாறி வருதல்தான் காது! அப்பாவிடம் சொன்னேன். பாட்டையும் முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

படத்தில் கீழ்ப்பாதி நிழலைப் பூசிக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டேன், முதல் பூச்சு காயவில்லை. "அப்புறம்" என்றார் அப்பா. நான் நிறுத்தினேன். காயட்டும், அப்புறம் பூசு என்று சொன்னாரா, அல்லது வழக்கமாக வரும் அந்த ஒரே ஒலியா, எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவர் இடக்கைக் கட்டைவிரலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்தார். நடுங்கிக்கொண்டே கொண்டுவந்து, நான் கருநீலமாகப் பூசி வைத்திருந்த இடத்தில் வைத்து, நரம்பின் போக்கிலேயே ஒரு விரற்கடை இழுத்தார். நிறம் விலகித் தாள் தெரிந்தது. இலையில் வெயில் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் உண்மையில் வெயில் இருந்ததா என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

படம் அப்படியொன்றும் நன்றாக வரவில்லை. காம்பு இலையோடு சேரும் இடம் தவறு, பின்னாலிருக்கும் துவைகல் மிதக்கிறது. அந்தக் கட்டைவிரல் தடத்தை மட்டும் நான் தொடவில்லை. மறுநாள் அதே இடத்தில் பலகையைப் போட்டேன். அம்மா அமாவாசைக்கென்று இரண்டு வாழையிலையை, நான் பாதி வரைந்து வைத்திருந்த கன்றிலிருந்தே அறுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். அப்பா அறுத்த மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். நோய்க்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வேறு இலைக்குப் பலகையைத் திருப்பி வைத்தேன்.